ஏழாம் எண் தக்கைச் சட்டை

ஸ்கார்விக் என்ற ஆங்கிலேய மீனவ ஊரின் உயிர்காப்புப் படகில் யார் ஏறுவது என்பதைப் படகுக் கொட்டகைச் சுவரில் தொங்கும் பன்னிரண்டு தக்கைச் சட்டைகள், நீரில் மிதக்க வைக்கும் அந்தச் சட்டைகள்தாம், தீர்மானிக்கும். அபாய வெடி கேட்டதும் ஓடிவந்து சட்டையை எடுத்தவன் போவான். வெறுங்கையோடு நிற்பவன் கரையில் நிற்பான். முதல் எண் சட்டை மட்டும் படகுத் தலைவனுக்கு. அதை வேறொருவன் தொட்டதில்லை.

அந்த முதல் எண் சட்டையோடுதான் பிப்ரவரிப் புயலில் துடுப்புக்காரன் ஜேபஸ் வெரில் உயிரோடு கரை ஒதுங்கினான். படகு கவிழ்ந்து மற்றப் பதினொரு பேரும் மாண்டார்கள். தலைவன் ஈனக்கின் உடல் சட்டை இல்லாமல் கிடைத்தது.

ஒதுங்கியவன் ஓய்ந்து படுத்தானா? இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மறுபடி அலைக்குள் பாய்ந்தான். அவர்கள் காப்பாற்றப் போன உடைந்த கப்பலில் தவித்த நார்வே மாலுமிகள் நான்கு பேரை இழுத்து வந்தான். அதற்காக லண்டன் அவனுக்கு வெள்ளிப் பதக்கம் அறிவித்தது. ஊரோ அவனுக்கு வேறு பட்டம் சூட்டியது: சட்டைத் திருடன்.

"தலைவரு சட்டை உன் மேல எப்படிடா வந்துச்சு?" ஈனக்கின் மனைவி டோர்காஸ் ஒரே ஒரு முறை கேட்டாள்.

"வந்துச்சுக்கா" என்று தலை குனிந்தான் ஜேபஸ். அன்றிலிருந்து அவள் அவன் முகத்தில் விழிக்கவில்லை.

மே மாதம் புதிய படகும் புதிய சட்டைகளும் வந்தன. அவனோடு துடுப்புப் போட ஒருவனும் முன்வரவில்லை. "அவன்கூடப் போனா, திரும்பறப்ப நம்ம கால்சட்டைகூட மிஞ்சாது!" என்று ஊரைச் சிரிக்க வைத்தான் மீனவன் ஓபேட்.

பதக்கம் வழங்கும் நாளில் ஜேபஸ் முடிவோடுதான் கொட்டகைக்கு வந்தான். பதக்கம் வேண்டாம். இந்த ஊரும் வேண்டாம். நாளைக்கே ஹல் துறைமுகத்துக்குப் போய்விட வேண்டும்.

பதக்கம் கொண்டுவந்த லண்டன் கனவான் அவன் பெயரைச் சொல்லி அழைத்தார்.

"மன்னிக்கணும் ஐயா. எனக்கு வேண்டாம்."

"பார்றா, திருடனுக்கு வெக்கம் வந்துடுச்சு!" என்றான் ஓபேட்.

அப்போது கதவு திறந்தது. தூண்டில் இரைக்குப் பாறைச் சிப்பி பொறுக்கிய கோலத்திலேயே, ஈரப் பாவாடையைத் தூக்கிச் செருகியபடி டோர்காஸ் நின்றாள். நைந்துபோன தக்கைச் சட்டை ஒன்றை மேசைமேல் போட்டாள்.

"பாறை இடுக்குல கிடந்துச்சு. ஏழாம் நம்பர். ஜேபஸ், அன்னிக்கு நீ எடுத்தது இதானே?"

அவன் சட்டையை எடுத்து மறைக்கப் பார்த்தான்; அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"வார் அறுந்திருக்கு. அறுந்த எடத்துல நீலக் கம்பளி நூல். இது யார் தையல்னு இங்க இருக்கற பொம்பளைங்களுக்குத் தெரியும்."

தெரியும். சட்டைகளின் வார் தைப்பது டோர்காஸின் பொறுப்பு. மெழுகிட்ட சணல் நூலால் தைக்க வேண்டியதை, மீன் சீசன் அவசரத்தில், கணவனுக்குப் பின்னிக்கொண்டிருந்த கம்பளி நூலாலேயே தைத்துவிட்டிருந்தாள்.

"இப்பவாவது சொல்லுடா!"

ஜேபஸின் மூன்று மாத மௌனம் உடைந்தது. "முதல் அலையிலேயே அறுந்துபோச்சுக்கா. ஈனக் அண்ணன் பார்த்துட்டாரு. தன்னோடதக் கழட்டி என் மேல கட்டினாரு. 'நூல் விஷயம் டோர்காஸுக்குத் தெரிஞ்சா செத்துடுவா, சொல்லிடாதே'ன்னு சத்தியம் வாங்கினாரு. நான் எப்படிக்கா சொல்லுவேன்?"

"என் பழியை நீ சுமந்தியேடா!"

சிப்பி கீறிய கைகளால் அவன் முகத்தைப் பற்றிக்கொண்டு அவள் கதறினாள். கொட்டகையில் அழாதவர் இல்லை. லண்டன் கனவான்கூடக் கைக்குட்டையைத் தேடினார்.

பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஐயா, அதை இப்படிக் குடுங்க." பதக்கத்தை வாங்கி அவன் நெஞ்சில் குத்தினாள். "என் புருஷன் உன்னை விட்டுட்டுப் போனது வீண் போகலடா. நாலு உயிரைக் கொண்டாந்துட்ட!"

அதோடு நிற்கவில்லை. சுவரிலிருந்து புதிய முதல் எண் சட்டையை எடுத்து, ஒவ்வொரு வாரையும் பல்லைக் கடித்து இழுத்துப் பார்த்து, தன் கையாலேயே அவனுக்குக் கட்டினாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓபேட் வந்தான். முகம் சிவந்திருந்தது. சுவரில் தொங்கிய புதிய ஏழாம் எண் சட்டையை எடுத்தான். "தலைவரே, என் கால்சட்டையை மட்டும் விட்டு வையுங்க."

"அது எவனுக்கு வேணும், நாத்தம்!" என்றான் ஜேபஸ்.

கூட்டம் கொட்டகை அதிரச் சிரித்தது. அடுத்த நிமிடம் ஆண்கள் முண்டியடித்தார்கள். பன்னிரண்டு ஆணிகளும் காலி.

வெளியே, யாரும் கூப்பிடாமலே பெண்கள் படகைக் கடலுக்கு இழுக்கும் கயிற்றைக் கையில் எடுத்திருந்தார்கள். புதிய படகு முதல் வெள்ளோட்டத்துக்காக மணலில் நகர்ந்து, முதல் அலையில் மூக்கை நீட்டியது. கயிற்றின் முன்னால், இடுப்பளவு நீரில், எல்லோரையும்விட உரக்கக் குரல் கொடுத்தவள் டோர்காஸ்.