விட்டுவிட்டு ஒலித்த கேசட்

எண்பதுகளின் நடுவில் ஈப்போவில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினேன். டிவியோடு சேர்த்துப் பார்க்கிற வகை. நானும் மனைவியும் அப்போது செமோருக்கு வெளியே, ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுக் கட்டிய தாமான் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ஆளில்லாத தோட்டத் தொழிலாளர் லயங்கள் இரண்டு இடிபடாமல் நின்றன. என் மனைவி பிறந்து வளர்ந்தது அவற்றில் ஒன்றில்தான்.

கப்பல்கள் அனுப்பும் மோர்ஸ் ஒலியை ரேடியோவில் பிடித்து ஒரு வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், அது எழுத்தாக மாற்றித் திரையில் காட்டும். அதற்கான புரோகிராமை ஒரு பத்திரிகையைப் பார்த்து நானே அடித்திருந்தேன். ஞாயிறு மத்தியானம், மேசை ஃபேனைத் திரும்பித் திரும்பி ஓடவிட்டு, போட்டுப் பார்த்தபோது எழுத்துகள் ஓடின. கொஞ்ச தூரம் போனதும் ஒரு வெற்றிடம். மறுபடி எழுத்து, மறுபடி வெற்றிடம். யாரோ மூச்சு வாங்குவதைப் போல ஒரே சீராக இருந்தது.

ரேடியோவைப் பேட்டரியில் ஓட்டினேன். டிவியிலிருந்து தள்ளி வைத்தேன். ஏரியல் கம்பியைப் பின்வாசல் வரை இழுத்துக் கட்டினேன். வெற்றிடம் போகவில்லை.

பட்டறையில் என்னோடு வேலை செய்த வயர்மேனிடம் சொன்னேன். "கம்ப்யூட்டர் மேல பழி போடாத மச்சான். மொதல்ல ரேடியோ சத்தம் ஒழுங்கா வருதான்னு கேளுலா" என்றான்.

வயரைச் செருகினால் ரேடியோவின் ஸ்பீக்கர் அடங்கிவிடும். அதனால் அடுத்த ஞாயிறு, அதே வயரை டேப் ரெக்கார்டரில் செருகிப் பதிவு செய்தேன். பிஸ்கட் டின்னில் கிடந்த கேசட்டுகளில் பெயர் ஒட்டாத ஒன்றை எடுத்துப் போட்டிருந்தேன்.

திருப்பிக் கேட்டபோது மோர்ஸ் ஒலி வெட்டி வெட்டித்தான் வந்தது. கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை என்று தெரிந்தது. ஆனால் ஒலி அறுந்த இடங்கள் வெறுமையாக இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு பெண் பேசினாள்.

"...சின்னவன் இப்ப நடக்கிறான்..."

மோர்ஸ் வந்து மூடியது. பிறகு மறுபடி அவள். "...வேப்பமரம் ஒண்ணு இருக்கு..."

நிறுத்தக் கையை நீட்டினேன்.

"நிப்பாட்டாதீங்க."

மனைவி சமையலறை வாசலில் நின்றாள். கையில் பாதி நறுக்கிய கங்கோங் கீரை. "எங்கக்கா" என்றாள்.

அவளுடைய அக்கா, குடியுரிமை இல்லாததால் வொர்க் பெர்மிட் கிடைக்காமல், எழுபதுகளின் தொடக்கத்தில் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறியவள். அங்கேயே காய்ச்சலில் போய்விட்டாள். இருந்தபோது கடிதத்துக்குப் பதிலாக ஒரே ஒரு கேசட்டில் பேசி அனுப்பியிருந்தாள்.

"தங்கச்சி, கேக்குதா?" என்றது நாடா.

"கேக்குதுக்கா" என்றாள் மனைவி, சாதாரணமாக, பக்கத்து அறைக்குப் பதில் சொல்வது போல. அந்தக் குரலைவிட அவள் பதில்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

மறுநாள் டேப் ரெக்கார்டரைத் திறந்தேன். பழைய பதிவை அழிக்கிற பாகத்தில் அழுக்கு அப்பியிருந்தது. அதனால் அக்காவின் பேச்சு முழுதாக அழியவில்லை; மோர்ஸ் அறுந்த இடங்களில் மட்டும் மெலிதாகக் கேட்டது. அறுந்ததற்குக் காரணம் அந்த மேசை ஃபேன். அது திரும்பும்போதெல்லாம் காற்றுப் பட்டு வயர் ஆடியது. ரேடியோவில் வயர் செருகுமிடம் லூசாகி இருந்ததால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தொடுப்பு விட்டது. பத்து நிமிஷத்தில் பற்றவைத்து முடித்தேன்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவின் கேசட் மேலேயே பதிவு செய்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து, "போடுங்க" என்றாள்.

நாடாவை நிறுத்தி நிறுத்தி, கேட்டதையெல்லாம் எழுதினோம். ஒன்றரைப் பக்கம் வந்தது. கடைசி இடைவெளியில் மட்டும் இருவர் காதிலும் ஒன்றே விழவில்லை. "கவலப்படாத" என்று எழுதினாள் அவள். பலமுறை போட்டுக் கேட்டும் என் காதில் "கதவத் தொற" என்றுதான் விழுந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.