அண்ணனுக்குப் போட்ட கருப்பட்டிக் காப்பி

தாராவியில் நானும் அண்ணனும் இருந்த அறையின் மூலையில் ஒரு மோரி உண்டு. முழங்கால் உயரத்துக்குச் சுவர் வைத்து, குளிக்கவும் பாத்திரம் கழுவவும் விட்ட இடம். அறுபதுகளின் நடுவில் ஒரு நாள் காலை, அந்த மோரி ஓரம் எறும்பு சாரையாகப் போவதைப் பார்த்தேன். சோறோ பருப்போ எதுவும் சிந்தியிருக்கவில்லை. சுடுதண்ணீர் ஊற்றினேன். மறுநாளும் வந்தது.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். ஸ்டவ் வெடித்துவிடுமோ, ரேஷன் கார்டு தொலைந்துவிடுமோ, மழையில் கூரைத் தகரம் பறந்துவிடுமோ. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதே வாத்தியாருக்குப் பயந்துதான். ஆக, எறும்புக்கும் பயந்தேன்.

"ஏல, எறும்பு கடிச்சு எவனும் செத்ததா நான் கேள்விப்படல" என்று அண்ணன் சிரித்தார்.

அண்ணனுக்குத் தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. அவர் பெண்டாட்டி, அதாவது என் மைனி, பிள்ளைகளோடு ஊரில், சாத்தான்குளம் பக்கம். அண்ணனின் வலது கால் பெருவிரலில் ஒரு புண் இரண்டு மாதமாக ஆறாமல் இருந்தது. சுண்ணாம்பு தின்ற கால் அப்படித்தான் இருக்கும் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். தாகம் வேறு. குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பார். பொதுக் கக்கூஸ் தூரம் என்பதால் ராத்திரியில் மோரியிலேயே ஒதுங்குவார்.

நான் மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தினமும் அங்கே சாப்பிட வரும் குமாஸ்தா ஒருவரிடம் எறும்பு சங்கதியைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஒண்ணுக்குப் போற எடத்துல மொய்க்கறதா? அண்ணாவைச் சும்மா வெச்சிண்டிருக்காதே, டாக்டர்ட்ட அழைச்சிண்டு போ" என்று அவரே ஒரு டாக்டரின் இடத்தைச் சொன்னார்.

மாட்டுங்கா டாக்டர் வயதானவர், தமிழர். கம்பவுண்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை எடுத்து, அண்ணனின் மூத்திரத்தைச் சில சொட்டு விட்டு, விளக்கில் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் நின்றது.

"சர்க்கரை வியாதி. மாத்திரை தரேன், விடாமப் போடணும். சர்க்கரை, வெல்லம், பழம், எந்த இனிப்பும் ஆகாது. சாதமும் பாதியாக் கொறைக்கணும். புரியறதா?"

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: "பணக்கார வியாதில்லால இது? நம்ம வீட்டுக்கு வர எவன் வழி காட்டுனான்?"

அந்தக் காலத்தில் ரேஷன் சீனிக்காக வரிசையில் நின்று ஜனங்கள் சண்டை போடுவார்கள். எங்கள் பங்கை அப்படியே பக்கத்து அறை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். டப்பாவையும் கழுவிக் கவிழ்த்தேன். அக்கா, "மில்லுல மருந்து போட்டு வெளுத்த சீனிதானப்பா எல்லாத்துக்கும் காரணம். கருப்பட்டி குடு, ஒடம்பு தேறும்" என்றாள். அவள் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். எங்கள் பக்கத்தில் கருப்பட்டி இனிப்புக் கணக்கில் சேராது. பிள்ளை பெற்றவளுக்குக் கருப்பட்டி, இருமலுக்குச் சுக்கோடு கருப்பட்டி, சமைந்த பெண்ணுக்கு உளுந்தங்களியில் கருப்பட்டி. அது மருந்து. டாக்டர் சொன்ன வெல்லம் கரும்பில் வருவது, அதை நாங்கள் தொட்டதே இல்லை.

மைனிக்குக் கடிதம் எழுதினேன். சீனி ஆகாதாம், கருப்பட்டி நிறைய அனுப்புங்கள் என்று. பம்பாய் வருகிற ஆட்களிடம் ஓலைப் பெட்டி பெட்டியாகக் கொடுத்தனுப்பினாள். சோற்றைக் குறைத்ததால் அண்ணன் பசியில் துவண்டார். பாவமாக இருக்கும். ஒரு நாளைக்கு மூன்று தரம், நான்கு தரம் சுக்குத் தட்டிப் போட்டுக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தேன். உலகத்தில் எல்லாவற்றுக்கும் பயந்த நான், அதற்கு மட்டும் பயப்படவில்லை.

எறும்பு போகவில்லை. பழைய வாடைக்கு வருகிறது என்று நினைத்து ஃபினாயில் ஊற்றினேன். பெருவிரல் கறுத்தது.

மறுபடி போனபோதும் குழாயில் அதே செங்கல் நிறம். டாக்டருக்குக் கோபம். "மாத்திரை குடுத்தும் எறங்கலை. என்னை ஏமாத்தறேளா?"

"எம்பிள்ளையள் மேல சத்தியமா சீனியத் தொடல ஐயா" என்றார் அண்ணன்.

"காப்பி எப்படிக் குடிக்கறேள்?"

நான்தான் முந்திக்கொண்டு, பெருமையாக, "கருப்பட்டி போட்டுத்தான் ஐயா, ஊர்லேர்ந்து வருது" என்றேன்.

டாக்டர் பேனாவை மேஜையில் வைத்தார். பிறகு தணிந்த குரலில், "அதுவும் சர்க்கரைதான்பா" என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனபோது அண்ணன், "ஏல, பெருவெரல் அரிக்கு, கொஞ்சம் சொறிஞ்சு வுடு" என்றார். போர்வை தட்டையாகக் கிடந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

ஒற்றைக்காலோடு தொட்டியில் இறங்க முடியாது. ஊருக்குக் கூட்டிப்போனேன். ரயில் மதுரை தாண்டியதும் அண்ணன், "கருப்பட்டியப் பத்தி அவகிட்ட மூச்சு வுட்ராத" என்றார்.

"இன்னமும் குடிச்சா மத்தக் காலும் போயிரும்னு டாக்டரு சொல்லிருக்காரேண்ணே."

"அவ அனுப்புனதுதான் எங்காலத் தின்னுட்டுன்னு தெரிஞ்சா அவ உசுரோட இருப்பாளால? நாம் பாத்துக்கிடுதேன். நீ சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மைனி அவர் காலைப் பார்த்துக் கதறினாள். அழுது ஓய்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். "குடிங்க. தம்பி எழுதுனதுலேர்ந்து இந்த வீட்டுக்குள்ள சீனியே சேக்கல" என்றாள். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குடித்தார். நானும் குடித்தேன்.

மறுவருஷம் தந்தி வந்தது. நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சத்தியத்தை மீறியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று ஒரு டாக்டரிடமும் கேட்டதில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

இப்போது எனக்கும் சர்க்கரை. செம்பூரில் மாதம் ஒரு தரம் விரலைக் குத்தி ரத்தம் எடுக்கிறார்கள். மைனி இருக்கிறாள், கண் தெரியவில்லை. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு பெட்டி கொடுத்தனுப்புவாள். போனில் ஒவ்வொரு தரமும் இதையே சொல்வாள்: "சீனி போட்டுக் குடிக்காதீய தம்பி. ஒங்க அண்ணன் போன அன்னிக்குக் காலையிலயும் நாங் குடுத்த கருப்பட்டிக் காப்பியத்தான் குடிச்சாவ. அந்த ஒரு நிம்மதிதான் எனக்கு."

"சரி மைனி" என்பேன்.

இந்த வருஷப் பெட்டியும் வந்துவிட்டது. அலமாரி மேலே வைத்திருக்கிறேன். சுவரில் எறும்பு ஏறுகிறது. துடைப்பதில்லை.