சிவப்புக்குக் கீழே பச்சை

வன்னியில் நான் வளர்ந்த காலத்தில் ரயில் ஓடவில்லை. தண்டவாளங்களைக் கழற்றிப் பங்கருக்குக் கூரை போட்டிருந்தோம். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பினால் காணி முழுக்கச் சிவப்புப் பலகைகள். கண்ணிவெடி. சிவப்பைக் கண்டால் அதற்கு மேல் காலை வைக்கக்கூடாது. எனக்குத் தெரிந்த சிக்னல் அவ்வளவுதான். அந்தப் படிப்போடுதான் பலெர்மோ வந்து சேர்ந்தேன்.

நகரத்துக்கு வெளியே, கடற்கரையோரம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். தங்கச்சிக்கு நகரத்துக்குள், லிபெர்த்தா தெருவில் ஒரு இத்தாலிய அம்மாவின், சிஞ்ஞோராவின், வீட்டில் வேலை. இத்தாலியில் எங்களுக்கு வேறு ஒருவரும் இல்லை. ரத்தத்தில் கிருமி ஏறி அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நான்காம் நாள், மத்தியானம் போன் எடுத்தாள். குரலே எழும்பவில்லை.

"அண்ணா, வாறியோ? எனக்குப் பயமாக் கிடக்கு."

"இந்தா, வெளிக்கிட்டிட்டன்" என்றேன். ஈரக் கையோடு ஓடிப் போய் நகரத்துக்கு ரயில் ஏறினேன்.

வழியில் ஒரு ஸ்டேஷனில் ரயில் நின்றுவிட்டது. கதவுகள் திறந்தபடி கால் மணி நேரம். ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். என் இத்தாலியன் கோப்பை கழுவும் குசினிக்குள் மட்டும்தான் செல்லும். வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். முன்னால் சிக்னல் சிவப்பு. கொஞ்சம் பொறுத்து அதன் கீழே பச்சையும் வந்தது, ஆனால் மேலே சிவப்பு அணையவில்லை. சிக்னல் பழுது, இனி இது அசையாது என்று நானே தீர்ப்பு எழுதினேன். எனக்கு எப்போதும் அவசரப் புத்தி. பஸ் பிடிக்கலாம் என்று இறங்கி ஓடினேன். படிக்கட்டுக்குப் போகுமுன்னே கதவுகள் மூடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ரயில் நகர்கிறது. சைக்கிள் வேகம்தான், ஆனாலும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பஸ் நெரிசலில் மாட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரமானது. முகத்தை மூடியிருந்தார்கள். உயிர் போய் அரை மணி நேரம்தான் என்றாள் தாதி. கடைசிவரை வாசலைப் பார்த்தபடி அண்ணன் வந்துவிட்டானா என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

எங்கள் கடைக்கு ரயில் ஓட்டுநர் ஒருவர் சாப்பிட வருவார். பல மாதம் மென்று விழுங்கி, ஒருநாள் அவரிடம் அந்தச் சிக்னலைப் பற்றிக் கேட்டேன். அவர் தட்டில் ஒரு தக்காளித் துண்டை வைத்து, அதன் கீழே ஒரு பச்சை இலையை வைத்தார். சிவப்பு தனியாக எரிந்தால் நில். கீழே பச்சையும் எரிந்தால் வழி இருக்கிறது, போ. ஆனால் தண்டவாளம் பிரியும் இடம் வருகிறது, மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகாதே. மெதுவாகப் போகச் சொல்லத்தான் அந்தச் சிவப்பு என்றார். அந்த ஸ்டேஷனிலிருந்து நகரத்துக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டேன். எவ்வளவு மெதுவாகப் போனாலும் இருபது நிமிடம் என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. பாவம், அவர் என்ன செய்வார்?

அன்று வேலை முடிந்து கிளிநொச்சிக்கு, அம்மாவுக்குப் போன் எடுத்தேன். ரயில் நின்றதால்தான் பிந்தினேன் என்று அவருக்கு முன்பே சொல்லிவைத்திருந்தேன். நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா தங்கச்சியின் கதையைத் தொடங்கிவிட்டார்.

"அந்த நாசமாப் போன ரெயில் நிண்டபடியாத்தானே என்ர பிள்ளை தனிச்சுப் போனவள்."

"ஓம் அம்மா" என்றேன். "ரெயில்தான்."