குனோங் ராபாட் வீட்டுக்காக அம்மனிடம் போட்ட சண்டை

தாயை நம்பும் உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன். போன ஆடி மாதம் நான் கோயிலுக்குக் கும்பிடப் போகவில்லை. சண்டை போடப் போனேன்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். பிறந்தது ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். தோட்டம் கைமாறியதும் லயத்தை இடித்துவிட்டார்கள். புந்தோங்குக்கு வந்து ஐந்து வாடகை வீடு மாறினோம். ஐந்தாவதையும் இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். என் கணவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மாடி ஏற முடியாது.

அந்த நேரத்தில்தான் குனோங் ராபாட்டில், நான் தினமும் பிள்ளைகளை ஏற்றும் தெருவில், மாடி இல்லாத வீடு ஒன்று விலைக்கு வந்தது. பேங்க் லோனும் கிடைத்தது. விற்பவர் ஓய்வுபெற்ற அதிகாரி, நம் தமிழர். "நீங்களே எடுத்துக்குங்கம்மா" என்றார். பேச்சுவாக்கில் எந்த ஊர் என்று கேட்டார். நான் பிறந்த தோட்டத்தைச் சொன்னேன்.

இரண்டு நாளில் போன் வந்தது. "வேற ஆளுக்குப் பேசிட்டேம்மா. இது நல்ல தாமான் லா, பெரிய ஆளுங்க இருக்கிற குடியிருப்பு. தோட்டத்து ஆளுங்க வந்தா அக்கம்பக்கத்துல ஒரு மாதிரி நினைப்பாங்க."

அந்தத் தெருப் பிள்ளைகள் என் வேனில் வரலாம். நான் அங்கே குடியிருக்கக் கூடாது! வேறு யாராவது சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என் மொழியிலேயே சொன்னார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், வேனை நிறுத்திவிட்டு கோயிலுக்குள் போனேன். பூ இல்லை, பழம் இல்லை. "உனக்குக் கண்ணு இல்லையா? எத்தனை வருஷம் தீ மிதிச்சேன்? எங்களுக்கு ஒரு கூரை குடுக்க உனக்கு மனசு இல்லையா?" என்று கத்தினேன்.

பூசாரி ஓடி வந்தார். "அக்கா, மெதுவா."

"நான் உங்ககிட்ட பேசல அண்ணே!"

அழுது தீர்த்தும் கோபம் ஆறவில்லை. அப்படியே வேன் எடுக்கப் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை பாரிட் புந்தாரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். விற்பவரின் தங்கை. வீட்டுப் பத்திரமான கிராண்டில் அவர் பெயரும் இருக்கிறதாம். எனக்கு அது தெரியவே தெரியாது.

"வீட்ட வித்துக் குடுக்குற ஏஜென்ட் எனக்கு போன் பண்ணி, அண்ணன் ஏன் ஆள மாத்துனாருன்னு சொன்னாரு. எங்கப்பா தோட்டத்துல கணக்கு எழுதுற கிராணி. உங்காளுங்க ரப்பர் பால் வெட்டித்தானே எங்க வீட்ல சோறு வெந்துச்சு? அண்ணனை நல்லா ஏசிட்டேன். உங்களைத் தவிர யாருக்கும் கையெழுத்து போட மாட்டேன்."

"ஏஜென்ட் எப்பம்மா கூப்பிட்டாரு?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம்."

நான் கோயிலில் நின்று கத்திய அதே நேரம்! நான் கத்தியது வீண்போகவில்லை. என் கோபத்தை எடுத்து இன்னொருத்தி நெஞ்சில் வைத்திருக்கிறாள் தாய்.

வக்கீல் ஆபீசில் அந்த அதிகாரி என் முகத்தைப் பார்க்கவில்லை. சாவியை மேசை மேல் தள்ளினார்.

"கையில குடுங்கண்ணே," என்றார் தங்கை.

கொடுத்தார்.

இன்று அந்த வீட்டில் என் கணவர் வாசல் வரை தானாக நடக்கிறார். முன்பெல்லாம் நான் பயந்து பயந்து, மனப்பாடமாக வேண்டுவேன். இப்போது உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். நீங்களும் சொல்லுங்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே போங்கள். அவள் விரட்ட மாட்டாள்.

அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.