திறக்காத இடது மூடி

மந்தைவெளியில் எங்கள் வீட்டு ஷெட்டில் ஒரு பழைய அமெரிக்கக் கார் நிற்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஆசைப்பட்டு வாங்கியது. அதன் ஹெட்லைட்கள் வெளியே தெரியாது. முன்பக்கம் இரண்டு தகட்டு மூடிகளுக்குப் பின்னால் இருக்கும். ஸ்விட்சை இழுத்தால், என்ஜின் காற்றை உறிஞ்சும் இழுப்பில் மூடிகள் திறக்கும். எங்கள் காரில் வலது மூடி திறக்கும். இடது, பாதியில் நின்றுவிடும்.

என் மனைவிக்கு மூளையில் கட்டி என்று தெரிந்த பிறகுதான், அந்த மூடியைச் சரிசெய்தே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பேச்சு எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். மாடி அறையில் அவள் பக்கத்தில் இருந்தால் என் கைகளை என்ன செய்வதென்று தெரியாது. கீழே கைக்கு வேலை இருந்தது.

ராயப்பேட்டையிலிருந்து மெக்கானிக் பாய் வாரம் இரண்டு நாள் வருவார். ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வாயால் உறிஞ்சிப் பார்த்து, ஓட்டை விழுந்தவற்றை மாற்றினோம். அப்படியும் இடது மூடி ஒரு விரல் தாழ்ந்தே நின்றது.

"செத்த நாழி பக்கத்துல உக்காருங்கோளேன்" என்பாள் அவள். "கார் எங்கயும் ஓடிப் போயிடாது."

"இதோ வந்துடறேன்."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா ஷெட்டுக்கு இறங்கி வந்தாள். "சார், அம்மா உங்க கைல இன்னாவோ சொல்லணுமாம். கூப்ட்டுக்கினே கீறாங்க."

பாய் காருக்குள் உட்கார்ந்து என்ஜினை ஓடவிட்டிருந்தார். நான் மூடியின் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "அஞ்சு நிமிஷம்மா."

"நீங்க போய்ட்டு வாங்க சார்" என்றார் பாய். "இது இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு."

நான் போகவில்லை. கால் சுற்று இறுக்கினேன், தளர்த்தினேன், மறுபடி இறுக்கினேன். இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்துக்கு வந்தபோது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. மாடிக்குப் போனேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை.

மாலையில் விழித்தவளுக்குச் சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. பேனாவைக் கையில் கொடுத்தேன். வெறும் கோடுகள்தான் விழுந்தன. லாக்கர் சாவியா, வலிக்கிறதா, பெண்ணை வரச் சொல்லவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி என்னைப் பார்த்தாள். பதினெட்டாம் நாள் போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்ததும் ஆயாவிடம் கேட்டேன், அன்றைக்கு என் மனைவி அவளிடமாவது ஏதாவது சொன்னாளா என்று.

"இல்ல சார். 'அவரு வரட்டும்'னாங்க. அவ்ளோதான்."

வெளிநாட்டிலிருந்து வந்திருந்த எங்கள் பெண், ஊருக்குத் திரும்பும் நாளன்று என்னிடம் கேட்டாள். "அம்மா கடைசியா உன்கிட்ட என்னப்பா சொன்னா?"

உன்னை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாள் என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள். இப்போதும் போனில் பேசும்போது, சாப்பிட்டுவிட்டேன் என்று முதலில் அதைத்தான் சொல்கிறாள். நான் 'சரிம்மா' என்கிறேன்.