திமிங்கலக் குட்டி வாய் திறந்த இடம்

லென்ஸ் அக்கா பாட மாட்டாள். மேடையில் மட்டும் பாட மாட்டாள் என்று சொல்லவில்லை. குளியலறையில்கூட முணுமுணுக்க மாட்டாள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தாலாட்டுப் பாடியது பஸ் ஓட்டும் கணவர்தான். அவர் பாட்டுக்குப் பயந்துதான் குழந்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். யாராவது "நீ ஒரு பாட்டுப் பாடேன்" என்றால் அக்கா உடனே எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள். கழுவ ஒன்றுமில்லாத நாளில் கழுவியதையே திரும்பக் கழுவுவாள்.

வேலை கண்ணாடிக் கடையின் பின்னறையில். வட்டமாக வரும் லென்ஸை, வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த பிரேமின் வடிவத்துக்கு விளிம்பு தேய்த்துப் பொருத்த வேண்டும். கொஞ்சம் அதிகம் தேய்த்தால் லென்ஸ் பிரேமுக்குள் ஆடும், கொஞ்சம் குறைந்தால் மாட்டும்போதே விரிசல் விடும். தேய்க்கும் சக்கரத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், சக்கரம் கீச்சென்று அலறிக்கொண்டே இருக்கும். "இந்தச் சத்தத்துல எப்படிக்கா நாள் பூரா இருக்கீங்க?" என்று முன்கடைப் பெண்கள் கேட்பார்கள். "இந்தச் சத்தந்தாம்மா எனக்கு நிம்மதி" என்பாள். அவர்கள் ஜோக் என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

இப்படிப்பட்டவளுக்குப் பிறந்த மகளுக்கு இசைப் பைத்தியம் பிடித்தது. அதுவும் சாதாரணப் பாட்டு இல்லை. கார்ட்டூன் படங்களின் பின்னணி இசை. மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேறு உலகத்துக்குப் போய்விடுவாள். அவள் தேடித் தேடி வாங்குவது விரிவாக்கப் பதிப்புகளை. படம் வந்த காலத்தில் விற்ற இசைத்தட்டில் பாதி இசைகூட இருக்காதாம். எத்தனையோ வருஷம் கழித்து எவனோ ஒரு புண்ணியவான் ஸ்டுடியோ கிடங்கிலிருந்து பழைய டேப்புகளைத் தூசி தட்டி எடுத்து, படத்தில் வெட்டிப்போட்டது, மாற்றிப்போட்டது, சோதனையாக வாசித்தது என்று ஒன்று விடாமல் சேர்த்து வெளியிடுவானாம்.

"அதே சட்டைய கை நீளமாத் தச்சு மறுபடி விக்கிறான். நீயும் வாங்குற" என்றார் டிரைவர்.

"அப்பா, நீங்க இத்தனை நாள் பாத்தது சட்டையே இல்ல. வெறும் காலர்."

மகளிடம் வாய் கொடுத்து அவர் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

அன்று வந்த பார்சலை மகள் சமையலறை மேஜையில் வைத்துப் பிரித்தாள். அட்டை முழுக்கக் கடல் நீலம். நடுவில், தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிய ஒரு திமிங்கலக் குட்டி. அக்கா கழுவி வைத்த டம்ளரை மறுபடி கழுவத் தொடங்கினாள். இருபது வயதிலிருந்து அவள் வாயால் பெயரைக்கூடச் சொல்லாத படம் அது. டிவியில் வந்தால் சேனலை மாற்றிய படம். மகள் அதைப் பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டு வந்து, அழுது அழுது கதை சொன்னபோதும், "சரி சரி, மூக்கைத் துடை" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

நடந்தது இதுதான். அந்தக் காலத்தில் அக்கா நன்றாகப் பாடுவாள். நன்றாக என்றால் தெருவே நின்று கேட்கிற அளவுக்கு. ஒரு தோழி சினிமா இசைக்குப் பாடும் குழுவில் இருந்தாள். ஒருநாள் குழுவில் யாருக்கோ தொண்டை கட்டிக்கொள்ள, "வாடி, வெறும் 'ஆ' தான். வார்த்தைகூட கிடையாது" என்று இவளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ஸ்டுடியோவில் முதல் வேலை வளையலைக் கழற்றுவது. அடுத்தது செருப்பைக் கழற்றுவது. மைக் அவ்வளவு பொல்லாதது, கால் அசைந்தால்கூடப் பதிந்துவிடும். கூடம் நிறைய வயலின்கள். படம் ஓடும் திரை, கை அசைத்து நடத்தும் இசையமைப்பாளருக்கு எதிரே இருந்தது. பாடுகிறவர்கள் அதற்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டியது அவர் கையை மட்டும்தான்.

ஆனால் வரிசையின் ஓரத்தில் நின்ற அக்காவுக்கு, ஒலிப்பதிவு அறையின் கண்ணாடியில் திரையின் பிம்பம் தெரிந்து தொலைத்தது. இன்னும் வண்ணம் தீட்டாத வெறும் பென்சில் படம். அம்மாவைத் தொலைத்த குட்டி தன்னந்தனியாகத் தண்ணீருக்கு மேலே வருகிறது. வயலின்கள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. அக்கா கையைப் பார்க்க மறந்தாள். குட்டி வாயைத் திறந்தது. அக்காவும் வாயைத் திறந்தாள்.

அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் குரல் மட்டும் தனியாகக் கிளம்பிப் போனது. குழு சேர வேண்டிய இடம் இன்னும் வரவே இல்லை. பாதியில் நிறுத்தினால் இன்னும் அசிங்கம் என்று இழுத்துக்கொண்டே போனாள். பிறகு கை அசைந்தது, மற்றவர்கள் சேர்ந்தார்கள், இசை முடிந்தது. பதிவு நடக்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு அணைவதற்குள், யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே ஓடினாள். செருப்பு உள்ளேயே கிடந்தது. வெறுங்காலோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள்.

தோழி அப்புறம் இரண்டு முறை வீடு தேடி வந்தாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் வந்திருப்பாள் என்று அக்கா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இல்லைன்னு சொல்லும்மா" என்று தன் அம்மாவிடம் கெஞ்சினாள். அம்மா செருப்பை மட்டும் வாங்கி வைத்தாள். அன்றோடு பாட்டு முடிந்தது.

இப்போது மகள் அட்டையின் பின்பக்கத்தை ஆசையாகப் படித்தாள். "இரண்டாவது டிஸ்க்ல பாரும்மா! குட்டி தனியா வர்ற காட்சி, குரல் குழு, முதல் டேக். இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லையாம். ஞாயித்துக்கிழமை மூணு பேரும் உக்காந்து கேக்கறோம்."

முதல் டேக். அன்று அவள் பாடிவிட்டு ஓடியது அதுதான். யாரும் கேட்காமல் புதைந்து போனது என்று நிம்மதியாக இருந்தாளே, அது பளபளவென்று அட்டை போட்டு வீடு தேடி வந்திருக்கிறது. கணவர் கேட்பார், மகள் கேட்பாள். ஊர் உலகத்தில் இந்தப் பைத்தியம் பிடித்த அத்தனை பேரும் கேட்பார்கள். 'யாருடா இவ, நடுவுல கத்துறா' என்று சிரிப்பார்கள்.

மறுநாள் அக்கா ஒரு காரியம் செய்தாள். இரண்டாவது டிஸ்கை மட்டும் எடுத்து, லென்ஸ் துடைக்கும் துணியில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனாள். அதைப் பாழாக்கத் தேய்க்கும் சக்கரத்துக்கு ஒரு நொடி போதும். பையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மனசு வரவில்லை. வாழ்நாளெல்லாம் கீறல் விழாமல் பார்த்துக்கொண்ட கை அது.

வீட்டுக்கு வந்தால் அங்கே ரணகளம். மகள் கட்டிலையே புரட்டிப் போட்டிருந்தாள். "நான் எடுக்கல தாயே, வேணும்னா சத்தியம் பண்றேன்" என்று டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா பையைத் திறந்து டிஸ்கை மேஜைமேல் வைத்தாள். வைத்த கையோடு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கண்ணாடிப் பிம்பம், குட்டி, வெறுங்கால், கதவுக்குப் பின்னால் ஒளிந்தது, எல்லாம்.

டிரைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். "என்கிட்டகூடச் சொல்லலையே" என்றார்.

"சொல்ற மாதிரியா பண்ணேன்?"

"அம்மா, வேண்டாம்னா வேண்டாம். நாம கேக்கவே வேண்டாம்" என்றாள் மகள். டிஸ்கை எடுத்து உறையில் போடவும் போனாள். அவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அக்காவுக்குத் தெரியும். அதனால்தான், "போடு" என்றாள்.

மகள் முதலில் முதல் டிஸ்கில் அந்தக் காட்சியின் இசையைப் போட்டாள். படத்தில் வந்தது அதுதான் என்றாள். வயலின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த அமைதியில் ஒரே ஒரு பெண் குரல் எழுந்தது.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இது நானில்ல. இது என் தோழி குரல்."

"அப்போ?"

"அன்னிக்கு எங்களுக்குக் கொடுத்த நோட்ஸ்ல இங்க குரலே கிடையாதுடி. இது... இது நான் பண்ண தப்பு. அதே இடம். அதே இழுப்பு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "படத்துல இந்த இடத்துல ஒரே அலைச் சத்தம்மா. அதான் எனக்கே தெரியல. இப்பத்தான் முதல் தடவையா கேக்கறேன்." அவசரமாக இரண்டாவது டிஸ்கை மாட்டினாள்.

முதல் டேக். மறுபடி அதே வயலின்கள், அதே அமைதி. பிறகு அக்காவின் குரல்.

அவள் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதிகூட இல்லை அது. கத்தல் இல்லை, பிசிறு இல்லை. அத்தனை பெரிய கூடத்தில் தாயைத் தேடி ஒரு உயிர் கூப்பிட்டது. அக்காவுக்கு மெய்சிலிர்த்தது. இது என் தொண்டையிலிருந்தா வந்தது என்று தன் கழுத்தையே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். குரல்கள் சேர்ந்தன, இசை உயர்ந்து அடங்கியது. ஆனால் டேப் நிற்கவில்லை. யாரோ அவசரமாக நடக்கும் மெல்லிய சத்தம். கதவு ஒன்று தடாரென்று சாத்திக்கொண்டது.

கதவு சாத்திய அடுத்த நொடி ஒரு ஆண் குரல் கேட்டது. "யாரும்மா அது? அந்த ஓரத்துல பாடினது?"

சலசலப்பு. "வெளிய போயிட்டா சார்." அது தோழி.

"போயிட்டாளா? ஐயோ, கூப்பிடும்மா. நான் மாசக்கணக்கா அந்த இடத்துல என்ன வைக்கறதுன்னு தெரியாம முழிச்சிட்டு இருக்கேன், அந்தப் பொண்ணு பாட்டுக்குப் பாடிட்டுப் போயிட்டா. எல்லாரும் நோட்ஸ்ல எழுதிக்குங்க. அவ வர்ற வரைக்கும் வேற யாராவது பாடுங்க. வந்தா அவதான் பாடணும்."

டேப் முடிந்தது. அம்மாவுக்குத் துக்கம் வரும் என்று மகள் பயந்தாள். வரவும் செய்தது. அந்தக் கதவைத் தாண்டாமல் ஒரு நொடி நின்றிருந்தால் போதுமே என்ற துக்கம். ஆனால் அதைவிடப் பெரிதாக வந்தது பிரமிப்பு. அவள் வாயைப் பூட்டிக்கொண்டு லென்ஸ் தேய்த்த இத்தனை வருஷமும், அந்தப் படம் ஓடிய ஊரிலெல்லாம், அலைகளுக்கு அடியில் அவள் பிழை பாடிக்கொண்டே இருந்திருக்கிறது.

டிரைவர் எழுந்தார். ஸ்பீக்கருக்கு முன்னால் போய் மரியாதையாகக் குனிந்து, "சார், அந்தப் பொண்ணு வந்துட்டா" என்றார். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மகள் இசையை முதலிலிருந்து போட்டாள். அக்கா எழுந்து நின்றாள். தொண்டையைச் செருமினாள். வயலின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. குட்டி வாய் திறக்கும் இடம் வந்தது. யாரும் கை காட்டவில்லை. அக்கா பாடினாள்.