ஒட்டகம் என்று நான் பேர் வைத்தவள்

பேர் வைத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பனியன் கம்பெனியில் அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மிஷின். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க மாட்டாள். நாற்பது பேர் இருக்கும் எங்கள் லைனுக்கு டாய்லெட் டோக்கன் ஒன்றே ஒன்று. போனவள் திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம். எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஒட்டகம் வருது, வழி விடுங்க" என்றேன் ஒருநாள். லைன் முழுக்கச் சிரித்தது. பேர் ஒட்டிக்கொண்டது.

சாப்பாட்டு நேரத்தில் நான் சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்டுவேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவள் மட்டும் பாதியில் எழுந்து போய்விடுவாள். தலைக்கனம் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு சாயங்காலம் கேட்டில் பைகளைச் சோதித்தார்கள். அவள் சாப்பாட்டுப் பையின் அடியில் வெட்டி மிஞ்சிய துணி, சுருட்டிச் சுருட்டி ஒரு கட்டு. அதைக் கம்பெனி எடை போட்டு விற்கும். நாங்கள் தொடக்கூடாது. மேனேஜரம்மா வந்தார்.

"எதுக்கும்மா இது? காரணம் இருந்தா சொல்லு, விட்டுடறேன்."

அவள் தரையைப் பார்த்தாள். பின்னால் வரிசையில் அத்தனை பேரும் நிற்கிறோம்.

"விக்கத்தான் எடுத்தேன்" என்றாள்.

"வாயத் தொறக்காம இருந்தது இதுக்குத்தானா" என்று சத்தமாகச் சொன்னதும் நான்தான். திருடியதாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

அவள் விட்டுப்போன கத்தரிக்கோலைக் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கும் எண்ணமும் இருந்தது. குளியலறைக்குள் கட்டிய கொடியில் பனியன் துணிச் சதுரங்கள் காய்ந்துகொண்டிருந்தன. ஐந்து மடிப்பு, ஓரம் அடித்து, ஒரு தையல் பிசகாமல். மாதவிலக்குக்கு இத்தனையா என்று கேட்டேன்.

"அதுக்கில்ல. தும்மினா மூத்திரம் போயிடுது. இருமினா போயிடுது. சிரிச்சா..." நிறுத்தினாள். "சின்னவன் பொறந்ததுலேர்ந்து பதினோரு வருஷம். பஸ்ல எந்திரிச்சா சீட்டத் திரும்பித் திரும்பிப் பாக்கறேன். நீ சிரிக்க வெக்கிறப்பல்லாம் உன்னக் கொன்னுடலாம்னு இருக்கும்."

முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை எனக்கு. "இத மேனேஜரம்மாகிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"அத்தன பேர் முன்னாடியா? திருடின்னே இருந்துட்டுப் போறேன்."

புருஷனுக்கே தெரியாதாம். அவளை இழுக்காத குறையாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சிறுநீரைச் சோதித்தார். இருமச் சொல்லிப் பார்த்தார். மூத்திரப்பையை அடியிலிருந்து தாங்குகிற தசை பிரசவத்தில் தளர்ந்துவிட்டது என்றார். பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் இருந்தாள். மூத்திரத்தையும் காற்றையும் அடக்குவதுபோல அந்தத் தசையை மேலே இழுத்துப் பிடித்து, எண்ணி, விட வேண்டும். மூச்சைப் பிடிக்கக்கூடாது, கீழே முக்கக்கூடாது. தினம் மூன்று வேளை. தண்ணீரை நிறுத்தினால் மூத்திரம் சுண்டி, பையை உறுத்தி, இன்னும் அவசரப்படுத்துமாம்.

"மூணு நாலு மாசம் விடாம செய்ங்க. நிறையப் பேருக்கு இதுலயே நல்லாக் குறையும். இல்லன்னா ஆபரேஷன் இருக்கு. ஏம்மா இவ்வளவு நாள் வரல?" என்று கேட்டாள் அந்தப் பெண்.



கம்பெனியில் அவளுக்காகக் கேட்டுப் பார்த்தேன். காரணத்தைச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்துக் காட்டினார்கள். மற்ற கம்பெனிகளுக்கும் அதற்குள் விஷயம் போய்விட்டது. இப்போது வீட்டிலேயே கிழிந்த துணி தைத்துக் கொடுக்கிறாள்.

நாலு மாதம் கழித்துப் போனபோது இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, எனக்கு ஒன்றைக் கொடுத்து, மற்றதைத் தானே குடித்தாள். பழக்க தோஷம், சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்டினேன். வாய்விட்டுச் சிரித்தாள். எழுந்து போகவில்லை. சிரிப்பு அடங்கியதும் உட்கார்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"நாலே மாசம்" என்றாள். "இதுக்குப் போயா திருடின்னு கையெழுத்துப் போட்டேன்?"